கீழ்வீட்டுக்காரர்

மத்தியான வெளிச்சத்தில் கொத்தனாரின் நெற்றி வியர்த்துக் கொட்டுகிறது. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்ததிலிருந்து, மார்புக்குக் கீழே அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. ஆனாலும் அங்கே ஏதாவது அழுத்தினால் உடம்பு இப்படித்தான் சொல்லும்: மேலே வியர்க்கும், ரத்த அழுத்தம் எகிறும். காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"கீழ்வீட்டுக்காரர் கதவத் தட்டுறாரு," என்கிறார், மார்புக்குக் கீழே கண்ணைக் காட்டி. "மண்டை வெடிக்குது."

மனைவி அவரை நிமிர்த்தி உட்காரவைக்கிறாள். "எதுக்காம்?"

"என்னக் கேட்டா? நான் மாடியில இருக்கறவன்."

அவள் அவருடைய கால்விரல்களைத் தடவுகிறாள், விரிப்பின் சுருக்கங்களைத் தேடுகிறாள். கட்டிலோரம் தொங்கும் பைக்குச் சிறுநீரைக் கொண்டுபோகும் குழாய், தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறது. நேராக்கியதும் பைக்குள் சலசலவென்று இறங்குகிறது. மெல்ல வியர்வை அடங்குகிறது.

"போயிட்டாரா?" என்கிறார்.

போர்வைக்குள் அவருடைய கால் தானாகத் துள்ளி, கட்டில் கம்பியை ஒருமுறை தட்டுகிறது.