கடைசி ஏலம்

“ஸெவன் நோ டிரம்ப்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிட்ஜ் ஆட்டத்தில் அதற்கு மேல் ஏலம் கேட்க எதுவுமே கிடையாது. எல்லாப் பிடியையும் ஒன்று விடாமல் நாங்களே எடுப்போம் என்று மார்தட்டுகிற ஏலம் அது. இரண்டு ஏஸ் தன் கையில் இருக்கும்போது மனிதர் எந்தத் தைரியத்தில் மார்தட்டுகிறார் என்று டாக்டருக்குப் புரியவில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு எதிரே ஜோடியாக உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. கிளப்பில் எல்லோருக்கும் அக்கா. அக்காவாவது நடுவில் ‘பாஸ்’ சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இவர் மூன்று என்றால் அக்கா நான்கு, இவர் ஐந்து என்றால் அக்கா ஆறு என்று படியேறிக்கொண்டே போய், இனி ஏற இடமில்லாத இந்த உச்சியில் வந்து நின்றார்கள்.

“பாஸ்” என்றார் அக்கா கடைசியாக. குரல் கம்மியிருந்தது.

நினைத்தபடியே இருவரும் மண்ணைக் கவ்வினார்கள். “நேத்து சேர்ந்தவன்கூட இப்படி ஆட மாட்டான் சார்!” என்று டாக்டரின் ஜோடியான வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு எல்லோரிடமும் விடைபெற்று இறங்கிப் போனார். நாளை முதல் அவருக்கு மகள் இருக்கும் ஊரில்தான் வாசம்.

கிளப்பின் கதை அத்தோடு முடிந்தது. அச்சகத்துக்கு மேலே இந்த அறையில் ஒரு காலத்தில் எட்டு மேஜை போட்டும் இடம் போதாமல் சண்டை நடந்திருக்கிறது. பிறகு மாற்றலாகிப் போனவர்கள், கண் மங்கியவர்கள், காலமானவர்கள் என்று தேய்ந்து தேய்ந்து ஒரே மேஜையில் வந்து நின்றது. இப்போது மூன்று பேர்தான் மிச்சம். நாலு பேர் இல்லாமல் பிரிட்ஜ் ஏது?

ஆரம்பித்தவர்கள் எழுதி மாட்டிய பலகையை டாக்டர் சுவரிலிருந்து கழற்றினார். ‘மேஜையில் ஏலம் தவிர வேறு பேச்சு கூடாது.’ செயலாளர் என்ற முறையில் இந்தப் பலகையைக் காட்டி எத்தனை பேர் வாயை அடைத்திருப்பார்!

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மழை வர்ற மாதிரி இருக்கு டாக்டர். குடை கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றிருந்த கணவரைக் கடந்து படியிறங்கினார்.

பழைய காலத்து மனுஷி, வெட்கம் இன்னும் போகவில்லை என்று டாக்டர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். “அண்ணே, குடை கதவுக்குப் பின்னாடி இருக்காம்.”

மருந்துக்கடைக்காரர் குடையைத் தேடவில்லை. பூட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பூட்டைக் குடுங்கண்ணே. சாவியைக் கீழ அச்சகத்துல ஒப்படைக்கணும்.”

“ஒரு மாசம் பொறுங்க டாக்டர். ரோட்டுல போறவனைப் பிடிச்சாவது நாலாவது ஆளாக் கொண்டு வந்து நிறுத்துறேன். நானே கத்துக்குடுக்கிறேன்.”

“போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க. யார் வந்தா?”

“இடம்தான் இல்லைன்னா உங்க க்ளினிக் முன்னறையில ஒரு மேஜை போடலாம். பேஷன்ட் யாரும் இல்லாத நேரமாப் பார்த்து...” பேசிக்கொண்டே டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. சீட்டுப் பைத்தியம் என்றால் ஒரு அளவில்லையா? பல நாள் அடக்கி வைத்திருந்தது வாயை மீறிக் கொட்டிவிட்டது.

“அண்ணே, உங்க மகன் உங்ககூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனானே, அந்த வாரம்கூட ரெண்டு பேரும் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து சீட்டைக் கையில எடுத்தீங்க. அப்பவே எனக்கு ஆறலை. பெத்த மனசு கல்லா என்ன?”

மருந்துக்கடைக்காரரின் முகம் பேயறைந்தது போல் ஆனது. நாற்காலியில் சரிந்தார்.

தான் சொன்னது அதிகப்படி என்று டாக்டருக்கே உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டு தோளில் கை வைத்தார். “சரி விடுங்க. சீட்டு ஆடாம இருக்க முடியலைன்னா வீட்டுலயே அக்காவோட ஆடுங்க. ரம்மி போடுங்க. அதுக்கு ரெண்டு பேர் போதும்.”

“ரம்மியில ஏலம் கிடையாதே டாக்டர்.”

“ஏலம் இல்லாட்டி என்ன, குடியா முழுகிடும்?”

மருந்துக்கடைக்காரர் தலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“அவ என்கிட்ட வாய் திறந்து பேசுறதே அதுல மட்டும்தான் டாக்டர்.”