பெரிய பட்டன் டயர்

"என் சைக்கிளுக்கு லேசா உருண்டு ஓடுற டயர் போடு. கயல் சைக்கிளுக்குப் பெரிய பட்டன் டயர்," என்றார் சுந்தரலிங்கம்.

"டயர் மேல முட்டிக்கிட்டு நிக்கிற பெரிய பட்டன் மலைப்பாதையில சறுக்காதுண்ணே. ஆனா ஓட்டம் மந்தமாயிரும்," என்றான் கம்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நௌஷாத்.

"ஆகட்டும்ப்பா. பொண்டாட்டி விழுந்துறக் கூடாதுல்ல?"

"அக்கா மேல என்னா பாசம்!"

ஞாயிறுதோறும் இருவரும் சைக்கிளில் ஏறும் கம்பம்மெட்டு மலை உச்சியில் கயல் டீ குடித்து முடித்த பிறகுதான் தான் மூச்சிரைக்கப் போய்ச் சேருவதைப் பற்றி சுந்தரலிங்கம் வாயே திறக்கவில்லை.

நௌஷாத் உள்ளே போய் இரண்டு பட்டன் டயர்களோடு வந்தான்.

"அக்கா நேத்தே வந்து இதத்தான் எடுத்து வைக்கச் சொன்னாக."

"அவளா? எதுக்காம்?"

"'தனியா டீ குடிச்சு அலுத்துப்போச்சு. இத என் சைக்கிளுக்குப் போட்டாலாச்சும் அவுக கூடவே வந்துருவாக'ன்னு சொன்னாகண்ணே."