பொய் சொன்ன பெட்டி

என்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரெகுலேட்டர் பேனலில் 230 வோல்ட். அதே இடத்தில் அவருடைய மீட்டரை வைத்தால் 246.

ரெகுலேட்டர் பெரிய மந்திரப் பெட்டி ஒன்றும் இல்லை. லைனில் வோல்டேஜ் குறைந்தால் தானாக ஏற்றும், கூடினால் இறக்கும். ஆனால் அது பார்க்கிற அளவே தப்பென்றால்? குறைச்சல் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும். புகார் வந்த முதல் தெருவில் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் ஏன் புகைந்தன என்பது இப்போது புரிந்தது.

வேறு மீட்டர் வைத்துப் பார்த்தார். அதே 246. ஒயர்களை இறுக்கிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. செட்டிங்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே அளவை மாற்றியிருக்கிறார்கள்.

பெட்டிச் சாவி லைன்மேனிடம்தான் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் ஆபீசே அவனை 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடும்.

"டெஸ்டர், இது உன் வேலையா?"

"ஆமா சார்."

இல்லவே இல்லை என்று சாதிப்பான் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"கடைசித் தெருவுக்கு வோல்டேஜே போய்ச் சேரலை சார். அதுல ஒரு வீட்ல ரொம்பக் கஷ்டம்."

"அந்த வீட்ல நல்லா கவனிச்சாங்களாக்கும்?"

"போனா குடிக்கத் தண்ணி கொடுப்பாங்க சார்."

"கஷ்டம்னா முறையா கம்ப்ளெயின்ட் கொடுக்கணும். எங்கம்மாவும் இதே லைன்லதான் தனியா இருக்காங்க. பையன் என்ஜினியராச்சேன்னு ஒரு நாளாவது சலுகை கேட்டிருப்பாங்களா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே. ஆர்டர் வீடு தேடி வரும்."

டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி சார். ஆனா செட்டிங்கை இப்பவே மாத்தாதீங்க. அந்த வீட்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுபோய் வச்சுடுறேன், அதுவரைக்கும் பொறுங்க."

"அதுக்குள்ள இன்னும் ரெண்டு வீட்டு ஃப்ரிட்ஜ் போகட்டும்கிறியா?"

என்ஜினியர் தன் கையாலேயே அளவைச் சரிசெய்தார். பேனல் 246க்கு எகிறியது. சிறிது நேரத்தில் உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டது. வோல்டேஜ் படிப்படியாக இறங்கி 230இல் நின்றது. மீட்டரும் அதையே காட்டியது.

"இப்பதான் பெட்டி உண்மை பேசுது" என்றார்.

டெஸ்டரின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. கட் பண்ணப் போனான்.

"யாரு, அந்த வீடா? ஸ்பீக்கர்ல போடு. நானே பேசுறேன்."

"வேண்டாம் சார். நீங்க பேச வேண்டாம்."

அவர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரைப் போட்டார்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷினின் அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நடுவே ஒரு பெண்குரல் மூச்சுக்குத் திணறியது.

"தம்பி... ஆக்சிஜன் மெஷின் மறுபடி நின்னுடுச்சுப்பா... சீக்கிரம் ஏதாவது பண்ணு... என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. என்னால அவன் உத்தியோகத்துக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாது."

"அம்மா, நான்தான்" என்று சொல்ல என்ஜினியருக்கு நாக்கு எழவில்லை. கை மட்டும் அவசர அவசரமாகப் பெட்டிக்குள் போய், டெஸ்டர் வைத்திருந்த அதே பொய்யைத் திரும்ப வைத்தது.