தங்கச்சி பின்னால் ஒருத்தன்

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தங்கையின் பின்னால் ஒருவன் சுற்றினால் அண்ணன்கள் சும்மா இருப்பார்களா? அவளுடைய அலுவலக வாசலிலேயே பெரியவன் அவன் மூக்கை உடைத்தான். சின்னவன் விலாவில் நாலு உதை விட்டு, காருக்குள் திணித்து, வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து தள்ளினான்.

"ஒரு வாரமா ஆபீஸ் வாசல்லயே நிக்கிறான்ப்பா. இன்னிக்குக் கேமரா வேற," என்றான் பெரியவன், வீங்கிய கையைத் தடவிக்கொண்டே.

"கல்யாணத்தைக் கெடுத்துட்டான்னா? அதான் முந்திக்கிட்டோம்." சின்னவன் இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கினான்.

அப்பா குனிந்து பார்த்தார். ரத்தத்துக்கு நடுவில் முகத்தைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அட மடப்பசங்களா! இவரு துப்பறியிற ஆளுடா. மாப்பிள்ளை எப்படின்னு விசாரிக்க நான்தான்டா அனுப்பினேன்!"

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"அப்ப தங்கச்சி ஆபீஸ்ல இவருக்கு என்ன வேலை?"

கீழே கிடந்தவர் ஒரு பல்லைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை சாயங்காலமானா அங்கதாங்க வருவாரு. எதிர் நடைபாதையில நின்னு, உங்க பொண்ணு பஸ் ஏறுற வரைக்கும் பாத்துட்டுப் போவாரு. தங்கமான பையன்."

அப்பா செருப்பைத் தேடி மாட்டினார். "இன்னிக்கும் நின்னாரா?"

"என் மூக்கு உடையுற வரைக்கும் நின்னாருங்க. ரத்தத்தைப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டாரு. சீக்கிரம் போங்க. எந்திரிக்கிறதுக்குள்ள போயிட்டா, கனவுன்னு சொல்லிச் சமாளிச்சிடலாம்."