ரோஸ்லினின் மூக்கு

பார்க்கின்சன்ஸ் வந்து வாசனை தெரியாமல் போனதிலிருந்து தாசனுக்குச் சோறு இறங்கவில்லை. எழுபது கிலோ ஆள் நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டார். கடைசியில் டாக்டர் அவர் தலையிலும் மனைவி ரோஸ்லின் தலையிலும் ஆளுக்கொரு சிப்பைப் பொருத்தி, அவள் முகர்வதையெல்லாம் அவரும் முகரும்படி செய்தார்.

அன்று மதியமே ரோஸ்லின் அவருக்கு உயிரான கருவாட்டுக் குழம்பை வைத்தாள். குழம்பு கொதித்ததும் தாசன் மூக்கைப் பொத்தினார். பொத்தியும் நாற்றம் விடவில்லை.

“என்ன நாத்தம் இது! கெட்டுப்போச்சா?”

“நல்ல கருவாடுதான். எனக்கு எப்பவும் இப்படித்தாங்க அடிக்கும்.”

“முப்பது வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க ஆசையா ரெண்டு தட்டு சாப்பிடுவீங்களே!”

தாசன் அடுப்பை அணைத்தார். “உனக்கு என்ன பிடிக்கும்? அதை வை.”

ரோஸ்லின் வெட்கத்தோடு நெய்யில் பூண்டைத் தாளித்தாள். அந்த மாதம் தாசனுக்கு மூன்று கிலோ ஏறியது, ரோஸ்லினுக்கு ஐந்து.