வேஷம் கலைக்கும் நாள்

தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருவது அந்தக் கடற்கரை ஊரில் வழக்கம். காளி வருவாள், போலீஸ் வருவார், பிச்சைக்காரரும் வருவார். உண்மையிலேயே பிச்சையெடுத்துத் திரிந்த மாசானம், அது தெரியாமல்தான் முதல் நாள் அங்கே ஒரு வாசலில் வந்து நின்றார்.

"வேஷம் அப்படியே அசலா இருக்கு அண்ணாச்சி. யாருக்காவ நேந்திருக்கீய?" என்று கேட்டாள் அந்த வீட்டுச் செல்வக்கனி.

அவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பல வருஷமாகியிருந்தது. "மவளுக்கு" என்றார். அவருக்கு மகள் கிடையாது.

அவள் கை நிறைய அரிசி அள்ளிப் போட்டாள். நேர்ந்துகொண்டவர் கையால் பூசினால் நல்லது என்று, திருநீற்றுத் தட்டை நீட்டி, இடுப்பிலிருந்த குழந்தைக்குப் பூசிவிடச் சொன்னாள். அந்தச் சின்ன நெற்றியின் சூடு அவர் விரலிலேயே தங்கிவிட்டது. பத்து நாளும் வந்தார். பத்து நாளும் பூசினார்.

பதினோராம் நாள் வேஷம் கட்டிய எல்லோரும் விரதக் காப்புக் கயிற்றை அறுத்து, கடலில் குளித்துச் சாயத்தைக் கழுவிவிட்டார்கள். மாசானம் அதற்கு மறுநாளும் வந்து நின்றார்.

"இன்னும் வேஷத்தக் கலைக்கலையா அண்ணாச்சி? வீட்டுல மவ தேடுவால்லா?" என்றாள் செல்வக்கனி.

"இந்தா... பஸ்ஸுக்குத்தான் போறேன் தாயி."

அவள் குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்டவைத்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், தெரு முடியும்வரை, வீட்டுக்குப் போகிறவரைப் போல அவர் வேகமாக நடந்தார்.