நாலு ரேம்

"உங்க கம்ப்யூட்டர் வேகமா ஓட எத்தனை ரேம் போடட்டும் சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"உதவி மேலாளருக்கு எத்தனை?"

"ரெண்டு."

"அப்போ எனக்கு நாலு!" என்றார் மேலாளர்.

மெக்கானிக்குக் கொட்டாவி வந்தது. இந்த மனுஷர் அதில் செய்வது சீட்டாட்டம் ஒன்றுதான். அடுத்த மேசை டைப்பிஸ்ட் அம்மாவின் கம்ப்யூட்டரோ ஒரு கடிதத்தைத் திறக்கவே நொண்டியடித்தது. மாலைக்குள் எழுபது பேரின் பென்ஷன் பட்டியல் போகாவிட்டால் அவருக்கு மெமோ.

"அந்தம்மாவுக்கு ஒண்ணாவது போடலாமே சார்..."

"பதவிக்குன்னு ஒரு மரியாதை வேணாமாய்யா?"

மேலாளர் டீ குடித்துவிட்டு வந்தார்.

"நாலும் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

மேலாளர் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார். "அடேயப்பா, என்னமா பறக்குது!"

ரசீதில் அவர் கையெழுத்துப் போடுவதற்குள், "சார், பட்டியல் போயிடுச்சு!" என்று டைப்பிஸ்ட் அம்மா இரண்டு வருடத்தில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பார்த்தியாய்யா? மேல இருக்கறவன் வேகமா இருந்தா கீழேயும் தானா தொத்திக்கும்."

மெக்கானிக் சட்டையிலிருந்த தூசியைத் தட்டினார். மேலாளரின் கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்தபோது ஒட்டிய தூசி. அந்தப் பெட்டியில் அவர் பார்த்த வேலை அந்தத் துடைப்பு ஒன்றுதான்.

"ஆமா சார்," என்றார் அலுப்போடு. "நாலுமே தொத்திக்கிச்சு."